நேர்க்கோணம்

அரசு உயர்நிலைப் பள்ளியில் 33 ஆண்டுகள் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோணங்களைத் தொடங்கும்போது குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் மூன்றையும் கரும்பலகையில் வரைந்து முடித்துவிட்டு, கடைசியாக ஒரு நேர்க்கோட்டை இழுத்து, அதன் நடுவில் ஒரு புள்ளி வைத்து, இதுவும் கோணம்தான், 180 பாகை, இதன் பெயர் நேர்க்கோணம் என்று சொல்வேன். வளைவே இல்லாத இடத்தில் கோணம் எப்படி வரும் என்று வகுப்பில் ஒரு பிள்ளையாவது எழுந்து கேட்கும். அந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்தது புத்தகத்து விடை. 63 வயதில் இடது முழங்காலுக்கு மாற்று மூட்டு வைத்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகுதான், ஒரு கால் நேராக நீள்வது தானாக அமைந்துவிடாது என்பதும், மடக்குவதற்குப் படும் பாட்டைவிட நீட்டுவதற்கு அதிகம் பாடுபட வேண்டியிருக்கும் என்பதும் எனக்கு விளங்கின. இந்த அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களும் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். நாளெல்லாம் நின்று பாடம் நடத்தியதால் வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். என் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இதே வயதில் கால்கள் வில்லாக வளைந்திருந்ததையும், ஓய்வு பெற்ற பிறகு என் எடை 74 கிலோவுக்கு ஏறியதையும் நான் அதோடு சேர்த்துக்கொள்வேன். முழங்காலின் உட்பக்கக் குருத்தெலும்பு முதலில் தேய்ந்தது. அது தேயத் தேயக் கால் வெளிப்புறமாக வளைந்தது. இது பார்க்கிறவர்கள் கண்ணுக்கெல்லாம் தெரிந்த வளைவு. கண்ணுக்குத் தெரியாத வளைவு ஒன்றும் கூடவே வந்துகொண்டிருந்தது. மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்போது கால் சற்று மடங்கியிருந்தால்தான் உள்ளே அழுத்தம் குறைகிறது, வலியும் குறைகிறது. அதனால் உட்காரும்போதும் படுக்கும்போதும் நம்மை அறியாமலே காலை மடக்கி வைத்துக்கொள்கிறோம். ஆண்டுக்கணக்கில் அப்படியே வைத்திருந்தால் மூட்டின் பின்பக்கத்து உறையும் தசைகளும் சுருங்கி, அந்த நிலைக்கே பழகிவிடுகின்றன. அறுவை சிகிச்சைக்கு முன் அளந்து பார்த்தபோது என் இடது கால் முழு நீட்டத்துக்கு 15 பாகை குறைவாக நின்றது. எட்டு ஆண்டுகளாக அந்தக் காலோடுதான் நடந்திருக்கிறேன், எனக்கே தெரியாது.

மூட்டு மாற்று என்ற சொல் எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் முதன்முதலாகப் பேச்சில் அடிபட்டது 2000ஆம் ஆண்டு அக்டோபரில். அப்போது பிரதமராக இருந்த வாஜ்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இடது முழங்காலை மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் வலது முழங்காலையும் மாற்றினார்கள். செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்திருந்த சித்தரஞ்சன் ரணாவத். 1974இல் நியூயார்க்கில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டு, இன்றைக்குப் புழக்கத்தில் உள்ள செயற்கை முழங்கால்களுக்கெல்லாம் முன்மாதிரியாக அமைந்த மூட்டை, ஜான் இன்சாலோடு சேர்ந்து உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். அன்று அது பிரதமர்களுக்கு மட்டுமே கிடைக்கிற வைத்தியமாகத் தோன்றியது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுகளுக்கு உச்சவரம்பு வைத்து, பரவலாகப் பொருத்தப்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலையை வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதற்குப் பிறகு எங்கள் தெருவிலேயே நான்கு பேர் செய்துகொண்டார்கள். எனக்கிருந்த தயக்கமெல்லாம் அது எத்தனை காலம் உழைக்கும் என்பதுதான். லான்செட் என்ற மருத்துவ இதழில் 2019இல் வந்த ஆய்வொன்று, முழு மூட்டு மாற்றங்களில் 100க்கு 82 வரை 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று கணித்திருந்ததை மருத்துவர் எடுத்துச் சொன்னார். 63உம் 25உம் 88. அந்தக் கூட்டல் எனக்குப் போதுமானதாக இருந்தது.

2023 அக்டோபர் 25ஆம் தேதி, விஜயதசமிக்கு மறுநாள், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச்செய்தார்கள். மூட்டையே வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பார்கள் என்றுதான் பலரைப் போல நானும் நினைத்திருந்தேன். உண்மையில் தொடை எலும்பின் கீழ்முனையையும் கால் எலும்பின் மேல்முனையையும் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி, இரண்டின் மேலும் உலோகக் கவசம் பொருத்தி, இடையில் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன தட்டு ஒன்றை வைக்கிறார்கள். உலோகத்தை எலும்போடு ஒட்டவைக்கத் தனியாக ஒரு சிமென்ட் இருக்கிறது. காலின் வில் வளைவும், நீளாமல் நின்ற அந்த 15 பாகையும் அறுவை மேசையிலேயே சரிசெய்யப்பட்டன. மயக்கம் தெளிந்து பார்த்தபோது கட்டுக்குள் என் கால் நேராகக் கிடந்தது. ஆனால் சரியானவை எலும்புகள் மட்டும்தான். எட்டு ஆண்டுகளாகச் சுருங்கிப் பழகிய சதைக்கு இந்த மாற்றம் உறைக்கவில்லை. இடம் கிடைத்தால் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதை அப்போது யாரும் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை.

மறுநாள் காலையிலேயே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். கட்டிலுக்கும் கதவுக்கும் இடையே பத்தடி. கட்டிலில் படுத்திருக்கும் நேரமெல்லாம் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது இரத்தத்தை மேலே தள்ளும், இரத்தம் உறைந்து கட்டியாகாமல் இருக்கும் என்றார்கள். அதற்காகவே வயிற்றில் தினம் ஓர் ஊசியும் உண்டு. மூன்றாம் நாள் அளவு எடுக்க வந்தவர் கையில் வைத்திருந்த கருவியைப் பார்த்தபோது வலியையும் மீறி எனக்கு ஒரு மகிழ்ச்சி ஏற்பட்டது. கோனியோமீட்டர் என்றார். கண்ணாடிபோலத் தெளிந்த பிளாஸ்டிக்கில் வட்டமான ஒரு பாகைமானி, அதன் மையத்தில் ஆணியடித்து இணைத்த இரண்டு நீண்ட கைகள். மையத்தை முழங்காலின் பக்கவாட்டில் வைத்து, ஒரு கையை இடுப்பெலும்பை நோக்கியும் இன்னொரு கையைக் கணுக்காலின் வெளிமுட்டை நோக்கியும் திருப்பி, இடையில் விழும் எண்ணைப் படித்தார். அவர்கள் கணக்கில் நேராக நீட்டிய கால் 0 பாகை, செங்கோணமாக மடங்கினால் 90. எங்கள் பாடப்புத்தகக் கணக்கில் நீட்டிய கால் 180. இரண்டும் ஒன்றுக்கொன்று மிகைநிரப்புக் கோணங்கள், கூட்டினால் 180 வரும் என்று மனத்துக்குள் மாற்றிக்கொண்டேன். மடக்கம் 80, நீட்டத்தில் 3 பாகை குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்த 80 மட்டும்தான் எல்லோர் காதிலும் விழுந்தது. பார்க்க வந்தவர்கள் அனைவரும் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு மடங்குகிறது என்பதே. அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். நம்முடைய வாழ்க்கை தரையோடு தரையாக நடக்கிறது. அரிவாள்மனை முன்னால் ஒரு காலை மடக்கி உட்காருவது, பந்தியில் சம்மணம் போடுவது, சாமி முன்னால் மண்டியிட்டுக் கும்பிடுவது, பழைய வீடுகளில் கழிப்பறைக்குப் போவது என எல்லாவற்றுக்கும் மடங்கும் முழங்கால் வேண்டும். ஆகவே காலின் நலத்தை அது எவ்வளவு மடங்குகிறது என்பதைக் கொண்டே அளக்கிறோம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த கோப்பிலும் இதே சாய்வுதான் இருந்தது. மூட்டின் வரிசை எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் ஒரு பக்கத்தில் இருந்தது; மருந்துகளின் பட்டியல் இருந்தது; பயிற்சியைத் தொடரவும் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒற்றை வரி இருந்தது. அதை மருத்துவமனை ஊழியர் என் கணவரிடம் கொடுத்து, அவரிடமே விளக்கினார். அடுத்த ஒரு மாதம் இரவும் பகலும் என் காலைத் தூக்கி வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிற என் நாத்தனார் பக்கத்திலேயே பையோடு நின்றுகொண்டிருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நாத்தனார் மேலூரிலிருந்து வந்திருந்தார். ஏழு ஆண்டுகள் படுக்கையில் கிடந்த தன் மாமியாரைப் புண் வராமல் பார்த்துக்கொண்டவர். வீட்டுக்கு வந்த முதல் இரவே, மெத்தையில் நீட்டிக்கிடந்த என் கால் வலியில் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றை எடுத்து வந்தார். "கால் அந்தரத்துல கிடக்குற மாதிரி இருக்கு மதினி. கொஞ்சம் அண்டக் குடுத்தா நோகாது" என்று சொல்லி, முழங்காலுக்கு அடியில் மெல்ல நுழைத்தார். அந்த நிமிடம் எனக்குக் கிடைத்த சுகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பல நாட்களாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்ததுபோல இருந்தது. அன்று முதல் தலையணை அங்கேயே இருந்தது. கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்து படுத்ததும் முதல் வேலையாக அதைத்தான் வைப்போம்.

இந்தச் சிகிச்சையில் பகல் வேறு, இரவு வேறு. பகலில் வாக்கரைப் பிடித்துக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கலாம், துண்டில் சுற்றிய ஐஸ்கட்டியைக் கால் மணி நேரம் வைத்து வீக்கத்தைத் தணிக்கலாம், பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கும். இரவு பதினொன்றுக்கு மேல் முழங்கால் தனியாக ஓர் உலை போலக் கொதிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வலிக்கும். இரண்டாம் வாரத்தில் ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் நான் தூங்கியதில்லை. வலிநிவாரணிகள் மலச்சிக்கலைக் கொண்டுவந்தன. வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. ஒரு நாள் விடியற்காலையில், நன்றாக நடந்துகொண்டிருந்த காலை எடுத்துக் கெடுத்துக்கொண்டோமே என்று அழுதேன். நன்றாக நடந்துகொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்கு உண்மையாகவே பட்டது. இது பலருக்கும் வருகிறது, ஆறாவது வாரத்தை நெருங்கும்போது கழன்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் இதை எதிர்பார்த்திருந்தால் போதும்.

பதினான்காம் நாள் கிளிப்புகளை எடுத்தார்கள். முப்பதுக்கு மேல் இருந்தன. காயம் நன்றாக ஆறியிருந்தது. முழங்காலின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையளவு இடம் மரத்துப்போயிருந்ததைச் சொன்னேன். கீறல் நடுவில் இறங்கும்போது தோலுக்குப் போகும் மெல்லிய நரம்புக் கிளையொன்று அறுபடுவது தவிர்க்க முடியாதது, நாளடைவில் அந்த இடம் சுருங்கும் என்றார் மருத்துவர். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைக்கும்படியும், பல்லில் சீழ் வைத்தால்கூட உடனே காட்டும்படியும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ மூச்சு இரைத்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் வரும்படியும் சொன்னார். பிறகு காலை மடக்கச் சொல்லிப் பார்த்தார். 95 இருக்கும், நல்ல முன்னேற்றம் என்றார். நீட்டச் சொல்லிப் பார்க்கவில்லை. நாங்களும் அந்த 95ஐ எடுத்துக்கொண்டு மகிழ்ச்சியாகத் திரும்பினோம். தீபாவளிக்கு நான்கு நாட்கள்தான் இருந்தன, பலகாரம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அந்த எண்ணைச் சொன்னோம்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட்டை உடனே வரச்சொல்லாமல் பண்டிகை முடியட்டும் என்று தள்ளிப்போட்டது எங்கள் பிழை. அவர் வந்தது நவம்பர் 14ஆம் தேதி, இருபதாம் நாள். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். உள்ளே வந்தவர் காலைத் தொடும் முன்பே கட்டிலைப் பார்த்துவிட்டு நின்றார். "அம்மா, இந்தத் தலையணை எத்தனை நாளா இங்க இருக்கு?" என்று கேட்டார். நான் சொன்னேன். தலையணையை எடுத்துவிட்டுக் கோனியோமீட்டரை வைத்து அளந்தார். மடக்கம் 98. நீட்டத்தில் 12 பாகை குறைவு.

மருத்துவமனையிலிருந்து கிளம்பியபோது 3 ஆக இருந்த குறைவு பதினைந்து நாட்களில் 12 ஆகியிருந்தது. தொடையும் காலும் தலா 40 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், 12 பாகைக் குறைவு முழங்காலை மெத்தையிலிருந்து 4 சென்டிமீட்டர் தூக்கி நிறுத்தும். நான் நோட்டை வாங்கிப் படம் போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாகவே வந்தது. அந்தப் பெண் மேற்கொண்டு சொன்னவற்றை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தேவைப்பட்ட அறிவு முழுவதும் அதில் இருந்தது. கால் நேராக நிற்கும்போது உடல் எடை எலும்பின் வழியாக எலும்புக்கு இறங்கிவிடும். தொடைத்தசைக்கு அதிக வேலை இல்லை. சற்றே மடங்கிய காலில் நின்றால் அந்தத் தசை ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தசையோ அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் மாதத்தில் பாதிக்கு மேல் வலுவை இழந்திருக்கிறது, மூட்டு வீக்கமே அதைச் சரியாகச் சுருங்கவிடாமல் தடுக்கிறது. ஆகவே நிற்பதும் நடப்பதும் சீக்கிரம் களைத்துப்போகும், நொண்டல் போகாது, இடுப்பும் மற்ற முழங்காலும் சேர்ந்து கெடும். மடக்கம் மூன்று மாதம், ஆறு மாதம் வரைக்கும்கூட மெல்ல மெல்லக் கூடிக்கொண்டு வரும். நீட்டத்தை முதல் ஆறு வாரங்களில் பிடிக்காவிட்டால் தழும்பு இறுகிவிடும், பிறகு பிடிப்பது மிகவும் கடினம். வீக்கம் வடியக் காலை உயர்த்தி வைக்கலாம், ஆனால் தலையணை குதிகாலுக்கும் கெண்டைக்காலுக்கும் அடியில்தான் இருக்க வேண்டும், முழங்காலுக்கு அடியில் ஒருபோதும் இருக்கக் கூடாது.

நாத்தனார் சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. நான் கூப்பிட்டு உட்காரவைத்து, தலையணையை வைத்துக்கொண்டது என் கால், சுகம் கண்டது நான், நம் இருவரிடமும் சொல்லாமல் விட்டது மருத்துவமனை என்று சொன்னேன். எனக்கு இதில் இன்றும் ஆறாத வருத்தம் உண்டு. மூட்டின் உலோகம் எந்த வகை என்பதைக்கூடக் கோப்பில் எழுதுகிறவர்கள், தலையணையை எங்கே வைக்கக் கூடாது என்ற ஒரு வரியைத் தமிழில் அச்சிட்டு, நோயாளியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் கையில் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்? அறுவை சிகிச்சை ஒன்றரை மணி நேரம் நடக்கிறது. அதன் பலன் முடிவாவது அடுத்த ஆறு வாரங்களில், வீட்டில், நாத்தனார்கள் கையிலும் மருமகள்கள் கையிலும். ஓய்வூதியர் காப்பீடு அறுவைச் செலவில் ஒரு பகுதியை ஏற்றது. வீட்டுக்கு வந்து போகும் பயிற்சிக்கு ஒரு வருகைக்கு 400 ரூபாய் எங்கள் கையிலிருந்து போயிற்று. இந்தச் செலவுக்கு அஞ்சிப் பயிற்சியைப் பாதியில் நிறுத்தியவர்களை எங்கள் தெருவிலேயே அறிவேன்.

அடுத்த நாளிலிருந்து வேலை தொடங்கியது. பார்க்க எளிமையானது: மல்லாந்து படுத்து, உருளையாகச் சுருட்டிய துண்டின் மேல் குதிகாலை மட்டும் வைக்க வேண்டும். முழங்காலுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்கும். பத்து நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்து முறை. நான்காம் நாளிலிருந்து முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை வைக்கச் சொன்னார். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் தெரியாது. மூன்றாம் நிமிடத்தில் பின்குழியில் ஒரு நாண் முறுக்கேறுவதுபோல வலி ஏறும். ஐந்தாம் நிமிடத்தில் காலை மடக்கிக்கொள்ள உடம்பு முழுவதும் கெஞ்சும். நாத்தனார் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களைச் சொல்லிக்கொண்டே இருப்பார். தலையணையை வைத்த அதே கைதான். பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னதாக வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும், முடிந்தவுடன் ஐஸ் வைக்க வேண்டும் என்பதையும் அவர் ஒருமுறைகூட மறந்ததில்லை.

இதற்கு அடுத்தது தொடைத்தசையை எழுப்பும் பயிற்சி. காலை நீட்டி, தொடையை இறுக்கி, முழங்காலின் பின்பக்கத்தால் மெத்தையை அழுத்த வேண்டும். சரியாக அழுத்துகிறோமா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். அந்தப் பெண் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியிலிருந்து அன்றைய தாளைக் கிழித்து, என் முழங்காலுக்கு அடியில் வைத்து, அழுத்துங்கள் அம்மா என்று சொல்லிவிட்டு இழுத்தார். தாள் எதிலும் படாமல் வெளியே வந்தது. நவம்பர் 14 என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட அந்தத் தாளின் பின்புறம் என் கணவர் 12 என்று எழுதிக் கோப்பில் வைத்தார். அதன்பின் ஒவ்வொரு காலையும் முந்தைய நாளின் தாளைக் கிழித்து அடியில் வைப்பதும், அவர் இழுத்துப் பார்ப்பதும் எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. பத்து நாட்களுக்கு ஒன்றும் மாறவில்லை. நவம்பர் கடைசியில் தாள் வெளியே வரும்போது உரசுவது தெரிந்தது. டிசம்பர் 6ஆம் தேதி, ஆறு வாரம் முடிந்த நாளில், குறைவு 5 பாகை. தாளை இழுக்கச் சற்றுப் பலம் வேண்டியிருந்தது. மார்கழி பிறந்த பிறகு ஒரு விடியற்காலையில் அவர் இழுத்த இழுப்பில் தாள் இரண்டாகக் கிழிந்து, பாதி அவர் கையிலும் பாதி என் காலுக்கு அடியிலும் நின்றது. அடுப்படியிலிருந்து நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அந்த இரண்டு துண்டுகளும் கோப்பில் இருக்கின்றன.

மற்றவையெல்லாம் வேகமாக நடந்தன. ஐந்தாவது வாரத்தில் வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறினேன். புதிய மூட்டு இடது காலில் இருந்தால் தடி வலது கையில் இருக்க வேண்டும். இடது காலை எடுத்து வைக்கும்போது வலது கை இயல்பாக முன்னால் போகிறது, அப்போதுதான் எடையைத் தடி பகிர்ந்துகொள்ளும். நோகிற பக்கத்திலேயே தடியைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து நடப்பவர்களைத் தெருவில் பார்க்கும்போது இப்போது நின்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். படியேறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், இறங்கும்போது புதிய காலை முதலில் இறக்க வேண்டும். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள். அவற்றை முதல் தடவை இறங்கியபோது கைப்பிடிச் சுவரின் கரடுமுரடான சிமென்ட் என் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெண்கள் இதைத்தான் தனியாக அழைத்துக் கேட்கிறார்கள். இப்போது எனக்கு 115 பாகை மடங்குகிறது. நாற்காலியிலிருந்து எழவும் படியேறவும் பேருந்தில் ஏறவும் இது தாராளம். குத்துக்காலிட்டு உட்காரப் போதாது. முயலவும் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார், ஏனென்றால் அளவுக்கு மீறி மடக்கினால் நடுவிலுள்ள பாலிஎத்திலீன் தட்டின் பின்விளிம்பில் எடை விழுந்து அது விரைவில் தேயும். மண்டியிட்டால் மரத்துப்போன தோலில் விநோதமாகக் கூசுகிறது, ஆகவே சாமி முன்னால் நின்றபடியே கும்பிடுகிறேன். அரிவாள்மனையை மேசை மேல் கத்தியும் பலகையுமாக மாற்றிக்கொண்டேன். கோலத்தை மட்டும் விடவில்லை. நம் பெண்கள் கோலத்தை இடுப்பில் குனிந்து, முழங்காலை நீட்டி வைத்துக்கொண்டு போடுகிறார்கள். கால் நேராக நின்றால் போதும். மார்கழி பதினைந்துக்குமேல் நாலு புள்ளிக் கோலம் போட்டேன். புள்ளிகளை இணைக்கும்போது இடது கால் சற்றும் தளரவில்லை என்பதை உணர்ந்தபோது, அந்தத் துவரம்பருப்புப் பொட்டலத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் கூலி கிடைத்ததாக நினைத்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் நடந்து போகும் தூரம். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டியது. ஒரு பக்கம் ஏறத்தாழ ஆயிரம் அடி. எங்கள் பகுதியில் காலை நடை என்றால் அதைச் சுற்றி வருவதுதான். என் கணவர் இருபது ஆண்டுகளாகச் சுற்றுகிறார். முழங்கால் கெட்டதிலிருந்து நான் மரத்தடித் திண்டில் உட்கார்ந்து அவர் திரும்பி வரும் வரை காத்திருப்பேன். டிசம்பர் கடைசி வாரத்தில் தடியோடு ஒரு பக்கம் நடந்தேன். பொங்கலன்று இரண்டு பக்கம். 2024 ஜனவரி 25, தைப்பூசம், தெப்பத்திருவிழா. அறுவை சிகிச்சை முடிந்து பதின்மூன்று வாரமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. மீனாட்சியம்மனும் சுந்தரேசுவரரும் தெப்பத்தில் எழுந்தருளி, கரையில் நின்றவர்கள் வடம் பிடித்து இழுக்க, மைய மண்டபத்தைச் சுற்றி வந்தார்கள். கூட்டத்தில் உட்கார இடமில்லை, நான் தேடவும் இல்லை. தெற்குக் கரைச் சுவரில் ஒரு கையை ஊன்றி ஒன்றரை மணி நேரம் நின்றேன். வலது கால்தான் வலித்தது.

அந்த வலது காலுக்குச் சித்திரைத் திருவிழா முடிந்த பிறகு நாள் குறிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அறுவைக்கு முன் ஒரு கால் எவ்வளவு மடங்கி நீள்கிறதோ, அதைப் பொறுத்தே பின்னாலும் பெருமளவு அமையும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னதால், இந்த முறை இப்போதே தொடங்கிவிட்டோம். வலது கால் 10 பாகை குறைவாக நிற்கிறது. தினமும் காலையில் அதன் குதிகால் துண்டுச் சுருளின் மேல் ஏறுகிறது, அதே பருப்புப் பொட்டலம் தொடை மேல் உட்காருகிறது. நாத்தனார் மேலூரிலிருந்து தினம் ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, தாள் வந்ததா நின்றதா என்று கேட்கிறார். இன்று காலையும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.